ஒரே சீட்டில் இருவர்

ஆரல்வாய்மொழி
10 ஜூன் 2024

அன்புள்ள நேசபாய் அக்காவுக்கு,

தம்பி ஜெபசீலன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பெமிலாவும் இருக்கிறோம். நீயும் மருமகள் ஜாஸ்மியும் சுகமா? தோஹாவிலிருந்து ஷாஜன் கூப்பிடுகிறானா? இங்கே காற்று தொடங்கிவிட்டது. மாடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்து வந்தேன். காற்றாலைக் காற்றாடிகள் இரவும் பகலும் சுற்றுகின்றன. என் காதில் அது விழாதது ஒரு வசதி.

இது போனில் சொல்லக்கூடிய செய்தி இல்லை. எனக்குக் கேட்க வேண்டுமானால் நீ கத்த வேண்டும். நீ கத்தினால் ஜாஸ்மிக்குக் கேட்கும். அதனால் வழக்கம்போலக் கடிதம்.

போன வாரம் திருவனந்தபுரம் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஈரல் நன்றாக இருக்கிறது, ஹெபடைடிஸ் கிருமி அடங்கிக் கிடக்கிறது என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார்கள். சிறுநீரகம் சரியில்லையாம். இத்தனை வருடமாக ஈரலுக்காகச் சாப்பிடுகிற மாத்திரைதான் காரணமாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு வயது ஏற ஏற வரும், அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம் என்றார்கள். வீட்டுக் காவலுக்கு விட்ட நாய் வளர்த்த கோழியைக் கடித்த கதை. வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பெரிய பயம் இல்லையாம்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் யாராவது இதே மாத்திரை சாப்பிடுகிறார்களா? நம் அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்திருக்கும் என்று முதல் நாளே சொன்னவர்கள் அல்லவா. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, கண்டக்டர் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேரை நான் ஏற்றியதில்லை. உன்னை மட்டும் ஏற்றினேன். என் மருந்துச் சீட்டைக் காட்டி நாகர்கோவிலில் இரண்டு கடைகளில் வாங்கி, ஒரு பங்கை முந்திரிக்கொத்து டப்பாவின் அடியில் வைத்து, பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். நீ டாக்டரிடம் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாய். இதுவரை பார்த்ததெல்லாம் என் ரத்தம். உன் ரத்தத்தை யார் பார்த்தார்கள்?

என்னிடம் மிச்சமிருந்த பழைய மாத்திரைகளை இந்த டப்பாவில் வைத்திருக்கிறேன். இனி அது என் சீட்டில் கிடைக்காது. தீர்வதற்குள் ஜாஸ்மியிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ.

அன்புத் தம்பி,
ஜெபசீலன்


திருவட்டாறு
26 ஜூன் 2024

அன்புத் தம்பி ஜெபசீலனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். கடிதமும் டப்பாவும் பத்திரமாக வந்தன. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஜாஸ்மி குடையும் கையுமாகக் கூட்டுறவு வங்கிக்குப் போய் வருகிறாள். ஷாஜன் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறான்.

உன் செய்தியைப் படித்ததிலிருந்து மனம் உன்னிடமே இருக்கிறது. பயப்படாதே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் தெரியுமா? சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப்போய், அரிசி களைவதைப் பார்க்கச் சொல்வேன். கழுவிய தண்ணீரைச் சாய்க்கும்போது ஒரு கை பானையின் வாயில் இருக்கும். அழுக்குத் தண்ணீர் போகும், அரிசி கையில் தங்கும். தங்கியதை மறுபடி பானைக்குள் போடுவார்கள். உடம்புக்குள் அந்தக் கைதான் சிறுநீரகம். உன் கை கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரையை மாற்றியாயிற்று, இனி ஓய்வு கிடைக்கும். உப்பைக் குறை. கருவாட்டைப் பெமிலா எங்கே வைத்தாலும் நீ மோப்பம் பிடிப்பாய், அதை விடு. வலி மாத்திரை எதையும் நீயாக வாங்கிப் போடாதே.

எனக்கு ஒன்றும் இல்லை. கால் வலி உண்டு, அது கரும்பலகைக்கு முன் நின்ற காலுக்கு உரியது. போன மாதம் சபையில் மருத்துவ முகாம் நடந்தது. மூத்திரத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் சாயாவுக்குச் சீனி போடுவதில்லை. வேறு குறை இல்லை.

ஒரு உபகாரம் செய். புதிய மாத்திரை வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்கு. இந்த ஊர் மருந்துக் கடையில் நிற்பவள் என்னிடம் படித்த இந்துஜா. அவள் கையில் அந்தச் சீட்டை நான் எப்படிக் கொடுப்பேன்? திருவனந்தபுரத்துக்குப் போவதை நான் நிறுத்தியதும் சும்மா இல்லை. கடைசியாகப் போனபோது அதே வராந்தாவில் நம் சபைப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

டப்பாவில் ஏத்தன் வாழைக்காய் வற்றல் வைத்திருக்கிறேன். உப்பு போடாதது.

உன் அக்கா,
நேசபாய்


ஆரல்வாய்மொழி
9 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். வற்றல் கிடைத்தது. உப்பில்லாத வற்றலைத் தின்பது தண்டனையா ஜெபமா என்று பெமிலா கேட்கிறாள்.

உனக்குப் புதிய மாத்திரை வாங்கித் தர மாட்டேன். கோபிக்காதே. டாக்டரம்மாவிடம் போன் செய்து கேட்டோம். பேசியது பெமிலா, ஏனென்றால் என் காது. புதிய மாத்திரையானாலும் முதலில் ரத்தமும் மூத்திரமும் பார்த்துத்தான் யாருக்கு எது என்று முடிவு செய்வார்களாம். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார்களாம். ஒரு உறவுக்காரருக்கு என்று சொல்லிப் பெமிலா போனை வைத்துவிட்டாள்.

உன் கடிதத்தில் ஒரு வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். மூத்திரத்தில் சர்க்கரை. எனக்கும் அதுதான் இருந்தது. நானும் சர்க்கரை நோய் என்றுதான் நினைத்தேன். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்து, மூத்திரத்தில் மட்டும் இருந்தால் அது சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகம் பிடித்து வைக்க வேண்டியதை நழுவ விடுகிறது என்றார்கள். நீ சொன்ன அரிசி களைகிற கைதான் அக்கா. முகாமில் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார்களா? கால் வலி என்கிறாயே, காலிலா, இடுப்பிலா? எலும்புக்கு வேண்டிய சத்தும் அப்படித்தான் ஒழுகிப் போகுமாம்.

பெமிலாவிடம் நான் முதல் வாரமே சொன்னேன். அவள் என்ன செய்தாள்? தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பிறகு, "ஓய், இத்தனை வருசம் கூட இருந்து நீரு குடுத்த ஒரே சொத்து இதுதானா, அதுவும் எனக்கு வரல்லியே" என்றாள். அத்தோடு முடிந்தது. ஜாஸ்மியும் நல்ல பிள்ளை. சொல்லிப் பார்.

தம்பி,
ஜெபசீலன்


திருவட்டாறு
3 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது. மேசைக்கு முன் அதிக நேரம் உட்கார முடியவில்லை. நாற்காலி சரியில்லை.

பெமிலா உன் மனைவி. ஜாஸ்மி என் மருமகள். இரண்டும் ஒன்றல்ல. ஷாஜன் அங்கே, நானும் அவளும் இங்கே. சாயா போட்டால் என் தம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு, "மாமி, ஒங்களுக்குள்ளதுதான் ருசி" என்பாள். அந்தத் தம்ளர் ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கிற கலகலப்பு. ஷாஜன் வளைகுடாவுக்குப் போகுமுன் ரத்தப் பரிசோதனையில் தேறியதாக வந்து சொன்னபோது நான் அழுதேன், உனக்கு நினைவிருக்கும். வேலை கிடைத்த சந்தோஷம் என்று அவன் நினைத்தான். என்னிடமிருந்து அவனுக்குப் போகவில்லை என்று தெரிந்த அழுகை அது. அதை இனி எடுத்து விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் சபையில் தங்கபாய் என்று ஒருத்தி இருந்தாள். காசநோய் வந்து, மருந்து முழுவதும் சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். திருவிருந்து ஞாயிற்றில் எல்லாரும் திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில்தானே குடிக்கிறோம். அவள் பீடத்துக் கிராதியின் முன் முழங்கால்படியிட்டால் அவளுக்கு அடுத்த இடம் காலியாகவே இருக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சேலையைச் சரி செய்வதுபோல் ஒதுங்குவார்கள். ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு திருவிருந்துக்கே வருவதில்லை.

எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து பெண்கள் வரிசையில் நான் கடைசியில் போகிறேன். யாரும் சொல்லிப் போகவில்லை. பாத்திரத்தால் இது பரவாது என்று டாக்டர் அன்றே சொன்னார், நானும் அறிவேன். கிராதியில் நின்று அதைப் பாடம் நடத்த முடியுமா? டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று போதகர் ஒருநாள் பிரசங்கத்திலேயே சொன்னார். அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாத்திரை பற்றிக் கவலைப்படாதே. ஒரு பென்சிலை ஒரு வருடம் எழுத வைத்தவள் நான். இருப்பதை நீட்டிக்கத் தெரியும்.

அக்கா,
நேசபாய்


ஆரல்வாய்மொழி
8 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நீட்டிக்கத் தெரியும் என்றால் என்ன? ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறாயா? அப்படிச் செய்யவே கூடாது. பாதியில் விட்டால் அடங்கிக் கிடக்கும் கிருமி எழுந்து ஈரலைத் தாக்கும் என்று சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. சாப்பிட்டால் சிறுநீரகம், விட்டால் ஈரல். நடுவில் நிற்க இடம் இல்லை. டாக்டர் மட்டும்தான் இறக்கிவிட முடியும்.

கடைசியில் போகிறேன் என்கிறாய். கடைசி ஆள் குடித்த பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை யார் குடிக்கிறார்? போதகர்தானே? இத்தனை வருடத்தில் எத்தனை போதகர்கள் மாறிப் போனார்கள், அதில் ஒருவருக்காவது காமாலை வந்ததா?

இடுப்பா, காலா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஜெபசீலன்


திருவட்டாறு
12 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜாஸ்மி எழுதுகிறேன். நீங்களும் பெமிலா மாமியும் சுகமாக இருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு தடவை உங்களிடம் சொன்னேன். நீங்கள், "ஆமா மக்கா, இங்கயும் காத்துதான்" என்றீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமிக்கு உடம்பு சரியில்லை. போன மாதம் நடுவில் அடுக்களையில் சும்மா தரையில் உட்காரப் போனவர்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் இருந்துவிட்டார்கள். விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை. நடக்கும்போது தாரா வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்கிறார்கள். ஆஸ்பத்திரி என்று சொன்னாலே முகம் மாறிவிடுகிறது. வர்ம ஆசான் சிலுவைதாசனை வரச்சொல்லி எண்ணெய் போட்டுக் கட்டுகிறார்கள். எலும்பில் பலம் இல்லை, எண்ணெய் பிடிக்க நாளாகும் என்று அவர் சொல்கிறார். கட்டுக்கு மேல் கட்டு போட்டும் வலி குறையவில்லை. ராத்திரி வலியில் முனகி அனங்குவது எனக்குக் கேட்கிறது. காலையில் கேட்டால், "நான் நல்லா ஒறங்கினேன் மக்களே" என்கிறார்கள்.

இந்த மாதத் திருவிருந்து ஞாயிற்றில் கோயில் படி ஏற முடியாமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டார்கள். 

இன்னொன்று. சாயங்காலம் ஆனால் பஸ்ஸில் டப்பா வந்ததா என்று கேட்கிறார்கள். முந்திரிக்கொத்து வேண்டுமானால் நான் செய்து தருகிறேன் என்றேன். அதற்குச் சிரித்தார்கள். டப்பாவில் வேறு ஏதோ வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னவென்று கேட்கவில்லை. ஆனால் நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன், மாமா. எனக்குத் தெரியாமல் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று இருந்தால் அது எனக்கு வருத்தம்தான். நீங்கள் சொன்னால் மாமி கேட்பார்கள்.

அன்புடன்,
ஜாஸ்மி


ஆரல்வாய்மொழி
16 செப்டம்பர் 2024

அன்பு மகள் ஜாஸ்மிக்கு,

நாங்கள் சுகம். நல்ல வேளை எழுதினாய். பிழை ஒன்றும் இல்லை.

நீ கேட்டதை நான் சொல்ல முடியாது. அது அக்கா சொல்ல வேண்டியது. பெமிலா பக்கத்தில் நின்று என்னைத் திட்டுகிறாள். இருந்தாலும் கொடுத்த வாக்கு. நீ ஒன்று செய். ஆசானை நிறுத்து. அவர் மேல் குற்றம் இல்லை, அவரிடம் காட்ட வேண்டிய நோய் அல்ல அது. நாளையே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. சிறுநீரகத்துக்கும் எலும்புச் சத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்.

வர மறுத்தால் அவளிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்: "செக்கிங் ஏறியாச்சுன்னு மாமா சொன்னாவ." அவளுக்குப் புரியும்.

அன்பு மாமா,
ஜெபசீலன்


திருவட்டாறு
7 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஜெபசீலனுக்கு,

அக்காவின் வாழ்த்து. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து சாய்ந்திருக்கும். என் பிள்ளைகள் இப்படி எழுதினால் மறுபடி எழுதச் சொல்லியிருப்பேன்.

ஜாஸ்மி உன் வாக்கியத்தை வந்து சொன்னாள். டிக்கெட் இல்லாமல் வந்தவள் பிடிபட்டதுபோல் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்ததும் விலா குத்தியது. குத்தியதும் அழுதேன். பிறகு சொல்லிவிட்டேன். அம்மாவின் வயிறு வீங்கியதிலிருந்து டப்பா வரைக்கும்.

அவள் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "ஷாஜனுக்கு?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு?" என்றாள். தம்பி, எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அன்று அதுவும் வாயில் வரவில்லை.

அவள் எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "எனக்கிட்ட ஒரு வார்த்தை செல்லியிருந்தா, இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஊசி போட்டிருப்பேனே மாமி. நான் என்ன செய்வேன்னு நெனச்சிய?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷாஜனிடம் வெகுநேரம் பேசுவது கேட்டது. அன்று நான் தனியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். நாகர்கோவிலில் எக்ஸ்ரே படம் எடுத்து, அங்கிருந்து உன் டாக்டரம்மாவிடமே போனோம். வழியெல்லாம் அவள் என் பையைத் தூக்கி வந்தாள். அதே வராந்தா. சபைப் பெண்கள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் பார்க்கத் தெம்பில்லை.

சிறுநீரகம் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்கிறது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் ஒழுகிப் போய், இடுப்பிலும் விலாவிலும் மயிரிழைபோல் விரிசல் விட்டிருக்கிறது. எண்ணெய் போட்டு அமுக்கியது அந்த விரிசலைத்தான். சர்க்கரை நோய் இல்லவே இல்லை. இடைவிட்டுச் சாப்பிட்டதில் ஈரலுக்கான ரத்த அளவும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார்கள். புதிய மாத்திரையும் எலும்புக்கு வேறு மருந்தும் தந்திருக்கிறார்கள். வலி குறைய மாதக்கணக்கில் ஆகுமாம். சிறுநீரகம் கொஞ்சம் தேறும், பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. ஒருவர் ரத்தத்தைப் பார்த்து இரண்டு பேருக்கு வைத்தியம் செய்த குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜாஸ்மிக்கு ஒன்றும் இல்லை. முதல் ஊசியும் போட்டுவிட்டாள். தம்ளரில் குடித்தால் வராது என்று டாக்டரம்மா என் முன்னாலேயே அவளுக்குச் சொன்னார்கள். ஆனாலும் இப்போது அவள் தன் தம்ளரைத் தனியாக வைக்கிறாள். குறை சொல்லவில்லை. பயம் கணக்குப் போல் இல்லை தம்பி. சரியான விடையைப் பலகையில் எழுதிக் காட்டியவுடன் அது போய்விடாது.

மருந்து வேளைக்கு எடுத்துத் தருகிறாள். சோறு போடுகிறாள். பேச்சுத்தான் குறைவு.

அக்கா,
நேசபாய்


ஆரல்வாய்மொழி
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சாய்ந்த எழுத்தைப் படித்தேன். சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. இங்கே காற்று ஓய்ந்துவிட்டது. காற்றாடிகள் சும்மா நிற்கின்றன. எனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தேறியிருக்கிறதாம். அதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

டப்பாவில் மருந்துதான் அனுப்புகிறேன் என்று நினைத்திருந்தேன். அக்காவுக்குத் தம்பி செய்கிற உதவி என்று கொஞ்சம் பெருமை கூட உண்டு. என் அறிக்கை நன்றாக வரும்போதெல்லாம் உன்னுடையதும் நன்றாக வந்ததாகவே சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனத்துக்கு வயது இல்லை. வேறு எழுதத் தெரியவில்லை.

காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். ஜாஸ்மி இரண்டு தடவை போனில் சொல்லியும் நான் காற்றைப் பற்றிப் பேசினேன் என்று படித்ததும் பெமிலா என்னை அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். இப்போது எல்லாம் கேட்கிறது. பெமிலா பேசுவதும் கேட்கிறது, அது ஒன்றுதான் குறை. இனி நீ கத்த வேண்டாம். போனில் மெதுவாகச் சொன்னால் போதும். ஆனால் கடிதத்தை நிறுத்தாதே.

ஜாஸ்மியை அவசரப்படுத்தாதே. நின்று போகிற பஸ்ஸும் ஊர் போய்ச் சேரும்.

தம்பி,
ஜெபசீலன்


திருவட்டாறு
4 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஜெபசீலனுக்கு,

தேவனுடைய இரக்கத்தால் எழுந்து நடமாடுகிறேன். நீயும் பெமிலாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்துபோன பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. போனில் பேசிவிட்டதால் எழுதச் சோம்பல் வந்துவிட்டது.

வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. தாராநடை இன்னும் போகவில்லை. போன மாத ரத்தத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது, ஈரல் அடங்கிவிட்டது. சிறுநீரகம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இறங்காமல் இருந்தால் அதுவே நல்லது என்கிறார்கள். பானை வாயில் வைத்த கை பழைய பலத்துக்கு வராது. இருக்கிற பலத்துக்கு ஏற்ப மெதுவாகச் சாய்க்க வேண்டியதுதான்.

இந்த மாத மாத்திரையை நானே போய் வாங்கினேன். என் பெயர் எழுதிய சீட்டு. இந்துஜா வாங்கி வாசித்தாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்து உறையில் போட்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு பெறகு போடணும் டீச்சர்" என்றாள். அடுத்த ஆள் இருமல் மருந்து கேட்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் என்று படியிறங்கும்போது நினைத்தேன். நினைத்தும் பயனில்லை.

முந்தாநாள் திருவிருந்து ஞாயிறு. செப்டம்பரில் வாசலோடு திரும்பியதற்குப் பிறகு இப்போதுதான் போனேன். ஜாஸ்மி என் முழங்கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டு வழக்கம்போல் முன்வரிசைக்கு, தன் வயதுப் பெண்களோடு உட்காரப் போய்விட்டாள். நானும் வழக்கம்போல் எல்லாரும் போகட்டும் என்று இருந்து, கடைசியில் எழுந்தேன். முழங்கால்படியிட முடியாது. கிராதியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். எனக்கு அந்தப் பக்கம் சுவர் மட்டும்தான்.

முதல் வரிசைப் பெண்கள் எல்லாம் வாங்கி, இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஜாஸ்மி மட்டும் அவர்களோடு எழுந்து வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்து நின்றாள். "கொஞ்சம் இங்கோட்டு நவுந்து நில்லுங்க மாமி. எனக்கு எடம் வேணும்" என்றாள். இந்தப் பக்கம் இடம் இருக்கிறதே, எனக்கு முன்னால் வாங்கிக்கொள் என்று கண்ணால் காட்டினேன். "அங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சுவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். என் சேலை முந்தானை அவள் தோளுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

போதகர் வந்தார். நான் குடித்தேன். அவர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தை அவளிடம் நீட்டினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல் ஆகிவிடும் என்று கிராதியின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து என் முந்தானையை எடுத்துவிட்டபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது.

வழியில் மீன் என்ன விலை இருக்கும், ஷாஜன் லீவு எப்போது என்று பேசிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் இடுப்பு வலித்தது.

வலிக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

உன் அக்கா,
நேசபாய்